சுவரில் எத்தனை ஓட்டை போடலாம்?

செம்பூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு ஏசி மாட்ட வந்தவர், குழாய்க்கு எங்கே ஓட்டை போடுவது என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சொசைட்டி செயலாளர் மாமா பின்னாலேயே நின்று, "பீம் பக்கம் போயிடாதேப்பா" என்றார். லேசான அணுக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும் அணு இணைவு உலை கட்டுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே தலைவலிதான்.

அந்த உலைகளில் ஒரு வகையான டோகமாக், மெதுவடை வடிவப் பாத்திரம். உள்ளே பிளாஸ்மாவை, அதாவது அயனியும் எலக்ட்ரானுமாகப் பிரிந்த கொதிவாயுவை, காந்தப்புலம் பிடித்து வைக்கிறது. பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலைக்கு 15 கோடி டிகிரி வேண்டும். பிளாஸ்மாவில் ஓடும் மின்னோட்டமே இஸ்திரிப்பெட்டிக் கம்பி போல அதைச் சூடாக்கும். ஆனால் சூடு ஏற ஏறப் பிளாஸ்மாவின் மின்தடை குறைந்துகொண்டே போகும். 2, 3 கோடி டிகிரியில் அந்த வித்தை படுத்துவிடும். மிச்சச் சூட்டை வெளியிலிருந்துதான் ஊட்ட வேண்டும். அதற்குத்தான் ஓட்டை.

அயனிகளை முடுக்கி, மின்னேற்றம் நீக்கி, கற்றையாக உள்ளே பாய்ச்சலாம். ஈட்டரில் இதற்கு 10 லட்சம் வோல்ட். பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கத் தேவையான மின்னோட்டத்தையும் இது நன்றாகத் தள்ளும். ஆனால் நேர்க்கோட்டில் அகலமான வழி வேண்டும். அதே வழியாக நியூட்ரான் வெளியே வந்துவிடும். மின்சாரம் விற்கப்போகும் உலையில் நியூட்ரான் தங்கம் மாதிரி. ஓர் இணைவுக்கு ஒன்றுதான் பிறக்கிறது. அதை லித்தியத்தில் மோதவிட்டுத்தான் எரிந்துபோன எரிபொருளான டிரிட்டியத்தை (கனமான ஹைட்ரஜன்) ஈடுகட்ட வேண்டும்.

40 முதல் 55 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை இன்னொரு வழி. அதன் ஆன்டெனா பிளாஸ்மாவை உரசுகிற தூரத்தில் நிற்க வேண்டும். அடுப்புக்குள் கரண்டியை விட்டுவைத்தது போலத்தான்.

என் ஓட்டு, வலுவான மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் ஜைரோட்ரான் கருவிக்கு. வீட்டு மைக்ரோவேவ் 2.45 கிகாஹெர்ட்ஸ் என்றால், இது 170. காந்தப்புலத்தில் எலக்ட்ரான், ஒரு டெஸ்லாவுக்கு (புல வலிமையின் அலகு) 28 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுற்றும். புலமோ வடையின் ஓட்டைப் பக்கம் வலுவாகவும் வெளிவிளிம்பில் மெலிந்தும் இருக்கும். அதனால் அலையும் சுற்றும் பொருந்துகிற இடத்தில் மட்டும் சூடு இறங்கும். அலையைத் திருப்பிவிடும் பிரதிபலிப்புக் கண்ணாடியைச் சாய்த்தால் இடம் மாறும். அலை வெற்றிடத்தில் தானே பயணிக்கும் என்பதால் கருவி எட்டவே இருக்கலாம். மெல்லிய குழாய் போதும். குழாயை அடைக்கும் ஜன்னல், செயற்கை வைரம்!

சரி, குறை? மின்னோட்டத்தைத் தள்ளுவதில் இது சற்று மந்தம். நடுவிலுள்ள சுருள் டிரான்ஸ்ஃபார்மர் போல மின்னோட்டத்தைத் தூண்டும்தான், ஆனால் அதன் தம் தீர்ந்துவிடும்; ஈட்டரில் சுமார் 400 விநாடி. உலையை நாள்கணக்கில் ஓட்ட வேண்டுமானால், பிளாஸ்மா தன் அழுத்தச் சரிவால் தானே உண்டாக்கும் மின்னோட்டத்தைப் பெரிதும் நம்பி, மீதியை மட்டும் ஜைரோட்ரானிடம் விட வேண்டியிருக்கும்.