விளையாட்டுக் கழகத்தைப் பதிவு செய்வது: பைலா முதல் படிவம் 7 வரை

ஓமலூரில் கபடிக் குழுவோ ஏற்காட்டில் கால்பந்துக் கழகமோ நடத்துபவர்கள், ஸ்பான்சர் தேடிப் போகும்போதுதான் "பதிவு எண் இருக்கா?" என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி விளையாட்டுக்காகவும் சங்கம் தொடங்கலாம். 7 பேர் போதும். உறுப்பினர்கள் 20 பேர் ஆகிவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். ஒரு டோர்னமென்ட் நடத்தினாலே அந்தத் தொகை தாண்டிவிடும். அதனால் "நாங்க சின்ன கிளப்தானே" என்ற சமாதானம் எடுபடாது.

விண்ணப்பம் பதிவுத்துறை இணையதளம் வழியாக மாவட்டப் பதிவாளருக்குப் போகும். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரை ஒத்த பெயர் கிடைக்காது. மாற்றுப் பெயர் இரண்டு கையில் இருக்கட்டும்.

கோட்டைவிடும் இடம் பைலா, அதாவது சங்கத்தின் உள்விதிகள். வேறு சங்கத்தின் பைலாவை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுவார்கள். அதில் 'பாதி உறுப்பினர் வந்தால்தான் கோரம்' (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) என்று இருக்கும். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருப்பார்கள். எந்தப் பொதுக்குழுவும் செல்லாது. பிறகு திருத்தலாம் என்றால், 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, வந்து வாக்களிப்பவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். முதலிலேயே கோரத்தை மூன்றில் ஒரு பங்கு என்று வைப்பது நல்லது. சந்தா எத்தனை மாதம் பாக்கியானால் வாக்குரிமை போகும் என்பதையும் எழுதிவிடுங்கள். தேர்தல் சண்டை பாதி அதிலிருந்துதான் கிளம்பும்.

செயற்குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது, மறுபடியும் தேர்வாகலாம். நிர்வாகிகள் மாறினால் 3 மாதத்துக்குள் அந்த மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். புதுச் செயலாளர் பெயர் பதிவாளர் அலுவலகப் பதிவில் ஏறாமல் வங்கியும் கையெழுத்தை மாற்றித் தராது. பழைய தலைவரோ செக் புக்கைப் பூட்டிவைத்துக்கொண்டு போனை எடுக்க மாட்டார்.

'நாங்கள்தான் தேர்வான நிர்வாகிகள்' என்று இரண்டு தரப்பும் தனித்தனியாகப் படிவம் 7 கொடுத்தால் சிக்கல் பெரிதாகும். எந்தத் தேர்தல் செல்லும் என்று முடிவாகத் தீர்ப்பளிப்பது பதிவாளர் வேலை அல்ல. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டிவரும், அதற்குள் இரண்டு சீசன் ஓடிவிடும். அங்கே நிற்பது காகிதம்தான்: அழைப்பு அனுப்பிய தபால் ரசீது, வருகைக் கையெழுத்து, அன்றே எழுதி முடித்த மினிட் புக் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு). வாட்ஸ்அப்பில் போட்ட அழைப்பை மட்டும் நம்பாதீர்கள்.

பரிசுத்தொகை, நுழைவுக் கட்டணம் எல்லாம் சங்கக் கணக்கு வழியாகவே போகட்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வேண்டாம். மிச்சப் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளவும் முடியாது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிந்ததும் கணக்கை முடித்து, செப்டம்பருக்குள் பொதுக்குழுவில் வைத்து, பதிவாளரிடம் ஆண்டுத் தாக்கலையும் செய்துவிடுங்கள். தொடர்ந்து தாக்கல் செய்யாத சங்கத்தின் பெயர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்படலாம்.