கீழாநெல்லியின் பொய் இலை

கோபிப் பக்கத்து வாசகர் ஒருவர் இரண்டு செடிகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். இரண்டும் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வரப்பில் பிடுங்கியவை. ஒன்று முழுப்பச்சை, மற்றதன் தண்டில் செம்மை. “ரெண்டுமே கீழாநெல்லிதானுங்களா? காமாலைக்கு எதை அரைக்கறது?”

அரைப்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள்.

மேலிருந்து பார்த்தால் புளிய இலை மாதிரி நடுவே ஒரு காம்பு, இரு பக்கமும் வரிசையாகச் சிற்றிலைகள். கூட்டிலை என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு சிற்றிலையின் இடுக்கிலும் பூவோ காயோ தொங்குகிறது. மொட்டு இலைக்கோணத்தில் வரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கூட்டிலை மொத்தமும் ஒரே இலை என்பதால், அது தண்டோடு சேரும் இடத்தில்தான் மொட்டு வர முடியும். புளியின் சிற்றிலை இடுக்கில் யாராவது பூவைப் பார்த்திருக்கிறோமா? ஆக, கீழாநெல்லியில் நாம் சிற்றிலை என்று நினைத்தது ஒவ்வொன்றும் முழு இலை. நாம் இலை என்று நினைத்தது ஒரு கிளை!

அதுவும் விசித்திரமான கிளை. வளர்ந்த செடியின் நடுத்தண்டில் இலைகள் வெறும் செதிலாகச் சுருங்கிவிடுகின்றன. அந்தச் செதிலின் கோணத்திலிருந்து கிளை பக்கவாட்டில் புறப்பட்டு, ஓர் அளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பூப்பது அடியிலிருந்து நுனிக்கு. அதனால் தண்டுப் பக்கம் முற்றிய காயும் நுனியில் மொட்டும் ஒரே நேரத்தில் இருக்கும். வேலை முடிந்ததும் கிளை முழுசாக, இலை உதிர்கிற மாதிரியே உதிர்ந்துவிடும். நெல்லி மரத்தையும் அரைநெல்லியையும் போய்ப் பாருங்கள், அதே வித்தை. காயைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் இந்தக் களைக்கும் நெல்லி என்று பெயர் வைத்திருப்பார்கள். தாவரவியலாரும் இவற்றை ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார்கள்.

நடுத்தண்டிலேயே நிஜ இலை இருந்தால் அது மேலாநெல்லி, தள்ளி வையுங்கள். மற்ற இரண்டில், பச்சையான ஃபில்லாந்தஸ் அமாரஸுக்குக் காய் வழவழப்பு, சின்னக் காம்பு உண்டு, பூவில் 5 புல்லிதழ். சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் யூரினாரியாவில் காய் சொரசொரப்பு, தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கும், புல்லிதழ் 6. பச்சையாகவே 6 புல்லிதழோடு வேறு இனங்களும் உண்டு. அவற்றில் ஆண்பூ கிளையின் அடியிலும் பெண்பூ நுனியிலும் இருக்கும். அமாரஸில் ஒரே இடுக்கில் இரண்டும் ஜோடியாக இருக்கும்.

இன்னும் சந்தேகமென்றால் விதைதான். 2 மில்லிமீட்டர் காய்க்குள் 3 அறை, அறைக்கு 2 விதை, ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளை வடிவம். லென்ஸில் பார்த்தால் அமாரஸ் விதையின் முதுகில் நெடுக்குச்சால், யூரினாரியாவில் குறுக்குச்சால், ஏர் ஓட்டின மாதிரி.

இந்த நுணுக்கம் வீண் வேலை இல்லை. பழைய நூல்களிலும் இன்றைய மருந்து டப்பாக்களிலும் கீழாநெல்லிக்கு ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று பெயர்; அசல் நிரூரியோ அமெரிக்கச் செடி. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், நோபல் பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு அமாரஸ் கொடுத்துப் பார்த்தார். மருந்து உண்ட 37 பேரில் 22 பேரிடமும், உண்ணாத 23 பேரில் ஒருவரிடமும் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. வேறு நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. செடி வேறா, மண் வேறா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உலர்செடிகளின் பெரிய காப்பகமே இருக்கிறது; ஆனால் செடியை அடையாளம் காணும் படிப்புக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் கை இழுத்துக்கொள்ளும்.

சரி, எதை அரைப்பது? இரண்டையும் வேண்டாம். ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும், பெயர் வைத்தியருக்குப் போகும். பி, சி, பித்தப்பைக் கல் எல்லாம் அப்படி விடாது. ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

செடிக்கு வருவோம். சிவந்ததன் காய் படத்தில் சொரசொரப்பாகத் தெரிகிறது, அது யூரினாரியாதான். பச்சையை உறுதியாகச் சொல்ல விதை வேண்டும். நாலு முற்றிய காயைக் காகிதத்தில் இறுக்கமாக மடித்து வையுங்கள். திறந்த தட்டில் வைத்தால் காய்ந்ததும் வெடித்து விதையை எறிந்துவிடும், அப்புறம் வீடு முழுக்கத் தேட வேண்டியதுதான்.