முதலில் தண்ணீர், பிறகு நான்

ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் இருந்தது. கடைசி டோக்கனையும் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கப் போன நேரத்தில், ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவன் பாட்டி கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். வலது கண் மூடியிருந்தது. வலியில் இறுக்கி மூடிய கண் வேறு மாதிரி இருக்கும். இது ஒட்டிப்போன கண்.

பையன் சப்பரம் செய்திருக்கிறான். ஆற்றில் தண்ணீர் வந்த வருடம் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சப்பர வெறி பிடித்துவிடும். அட்டைப்பெட்டி, பிய்ந்துபோன ரப்பர் செருப்பை வட்டமாக அரிந்த நான்கு சக்கரம், கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஜிகினாத்தாள். காசு போட்டு வாங்கியது ஒரு பசைக்குப்பி மட்டும்தான். உச்சியில் கலசமாக ஷாம்பூ பாட்டில் மூடியை ஒட்டும்போது குப்பியின் மூக்கு அடைத்துக்கொண்டது. குண்டூசியால் குத்தினான், உள்ளே ஓட்டை விழுந்ததா என்று முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான், அழுத்தினான். அவ்வளவுதான்.

அந்த மாதத்தில் அது மூன்றாவது ஒட்டிய கண். பசைக்காக நான் கோபப்படவில்லை. இமையைச் சுற்றி வெள்ளைப் பொருக்காகக் காய்ந்திருந்த இன்னொன்றைப் பார்த்துத்தான் கோபம் வந்தது. என்ன விட்டீர்கள் என்று கேட்டேன். பாட்டிக்குச் சொல்வதில் தயக்கமே இல்லை. "எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம், டாக்டரம்மா. ஓடிப்போய்க் கேட்டு வாங்கி வந்து விட்டேன். பச்சைப்பிள்ளைக்கே அதுதானே மருந்து?" பசை பட்டது மாலை மூன்று மணிக்கு. என்னிடம் வந்தது ஏழரைக்கு. இடையில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட அந்தக் கண்ணில் படவில்லை.

அடிபட்ட கண்ணில் தண்ணீர் ஊற்றாமல் தாய்ப்பால் விடுவதைப் பற்றி இரண்டு வரி எழுதினால் போதாது, நீளமாகவே எழுதுகிறேன். கும்பகோணத்தில் கண் மருத்துவராக இருந்துகொண்டு இத்தனை வருடமாகத் தினமும் வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது.

தாய்ப்பாலை நான் குறைத்துப் பேசவில்லை. குழந்தையின் வயிற்றுக்கு அதைவிட உயர்ந்தது எதுவும் கிடையாது. அதில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றனவே என்று படித்த மருமகள்களும் என்னிடம் வாதாடுகிறார்கள். இருக்கின்றன. கூடவே சர்க்கரையும் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. மார்பிலிருந்து கை, கையிலிருந்து கிண்ணம், கிண்ணத்திலிருந்து பாலாடை என்று வருவதற்குள் தோலில் உள்ள கிருமிகளும் சேர்ந்துகொள்கின்றன. கீறல் விழுந்த கருவிழியின் மேல் சர்க்கரையும் கிருமியும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சரி, கிருமியை விடுங்கள். கண்ணில் பசையோ சுண்ணாம்போ அமிலமோ விழுந்தால் முதல் வேலை அதை அடித்துக்கொண்டு போவது. நாலு சொட்டுப் பால் எதை அடித்துக்கொண்டு போகும்? கூரை பற்றி எரியும்போது பன்னீர்ச் செம்பை எடுத்துத் தெளிப்பது போன்ற காரியம் இது.

பிறகு ஏன் எல்லாரும் "விட்டதும் குளிர்ந்தது" என்கிறார்கள்? உடம்புச் சூட்டில் இருக்கும் எந்த வழவழப்பான திரவத்தை விட்டாலும் சற்று இதமாகத்தான் இருக்கும். விளக்கெண்ணெயும் அப்படித்தான். பிள்ளை அழுகையை நிறுத்துகிறது. வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வருகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார்கள். தாய்ப்பால் செய்கிற பெரிய கெடுதல் இந்த நிம்மதிதான். சுண்ணாம்பு விழுந்த கண்ணுக்கு ஒரு ராத்திரி என்பது எவ்வளவு நீளம் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கழுவ வேண்டியது தண்ணீரால். தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். குழாயிலோ குடத்திலோ இருப்பது போதும். கொதிக்கவைத்து ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள், உப்பு போடாதீர்கள், கேன் தண்ணீர் வாங்க ஆள் அனுப்பாதீர்கள். அடிபட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்து, மூக்கின் பக்கமிருந்து காதின் பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி ஊற்றுங்கள். பதினைந்து, இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து. "நன்றாகக் கழுவினோம்" என்று வருபவர்களிடம் துருவிக் கேட்டால் இரண்டு கை அள்ளி அடித்தோம் என்பார்கள். வாய்க்கால் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் வேண்டாம், அதில் இருக்கும் அமீபா கருவிழியைத் தின்றால் மாதக்கணக்கில் வைத்தியம். ஆனால் வயல் நடுவே சுண்ணாம்பு விழுந்து வேறு கதியே இல்லையென்றால் வாய்க்கால் தண்ணீரும் பரவாயில்லை.

பையன் கதைக்கு வருகிறேன். நனைத்த பஞ்சை இமைமேல் வைத்து ஊறவிட்டு, களிம்பு தடவி, ஒட்டியிருந்த இமைமயிர்களை ஒவ்வொன்றாக நறுக்கிய பிறகு கண் கொஞ்சம் திறந்தது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தேன். கருவிழியின் கீழோரத்தில் வெங்காயத் தோல் போல ஒரு பசைச் செதில், அதற்குள் மூன்று இமைமயிர், வேப்பம்பிசினில் அகப்பட்ட எறும்பின் கால்கள் மாதிரி. ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் அந்தச் செதில் கருவிழியைச் சுரண்டிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்கரை மணி நேரம். சொட்டு மருந்தில் மரத்துப்போகச் செய்து எடுத்தேன். கீறல் மூன்று நாளில் ஆறிவிட்டது. பிழைத்தான்.

இந்தப் பசையின் பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குறிபார்க்கும் கண்ணாடிக்கு ஒரு பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவரின் கையில், தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டிய பொருள். ஈரம் பட்டால் இறுகுவது அதன் குணம், கண்ணில் ஈரத்துக்கா பஞ்சம்? (எங்கள் தொழிலிலும் இதன் உறவுக்காரப் பசை உண்டு. கருவிழியில் சிறு ஓட்டை விழுந்தால் ஒரு துளி வைத்து அடைப்போம். அதை நாங்கள் வைக்க வேண்டும், நீங்கள் அல்ல.) ஒட்டிய இமையைப் பிய்க்காதீர்கள், கத்தரிக்காதீர்கள், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். இமை சில நாளில் தானாகவே விட்டுவிடும். உள்ளே கீறல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எங்களிடம் வர வேண்டும். கையில் வழிந்த பசையைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைப்பதும் தவறு. பஞ்சில் நிறைய ஊறினால் சூடேறும், புகையும், தோல் வெந்துபோகும்.

இன்னொன்று. அந்தக் குப்பியும் கண் சொட்டு மருந்துக் குப்பியும் அளவில் அண்ணன் தம்பி. புரை அறுவை முடிந்த தாத்தாவின் மருந்து இருக்கும் ஜன்னல் திட்டில் பேரன் பசையை வைத்துவிட்டுப் போகிறான். மதியம் கண்ணாடி இல்லாமல் தடவி எடுக்கிறார் தாத்தா. இதையும் பார்த்தாயிற்று. ஆணி, சுத்தியல் கிடக்கும் டப்பாதான் பசைக்கு இடம்.

நான் கைவேலைக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டுக் கொலுவில் இன்றும் நிற்கிற தலையாட்டி, என் அத்தை பழைய செய்தித்தாளை ஊறவைத்து இடித்துப் புளியங்கொட்டைப் பசை சேர்த்துச் செய்தது. காகிதத்துக்கும் அட்டைக்கும் அந்தப் பசை போதும், மைதாப் பசை போதும். (மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. பிள்ளைகள் தொடும் பசையில் அது கூடாது, விஷம்.) சப்பரத்துக்கு இரண்டு நிமிடத்தில் இறுகும் பசை எதற்கு? ராத்திரி ஒட்டி வைத்தால் காலையில் காய்ந்திருக்கும்.

அடுத்தது ஈர்க்குச்சி. தென்னை மட்டையிலிருந்து சீவிய ஈர்க்கில் வில், அம்பு, காற்றாடி, கூடை என்று எல்லாம் செய்யலாம், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஈர்க்கு, நெற்பயிர்த் தாள், கரும்புத் தோகை, வாழைநார், தேய்த்த கொட்டாங்கச்சித் தூள் என்று செடிகொடியிலிருந்து வந்த எது கண்ணில் பட்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். கீறலோடு பூஞ்சையும் உள்ளே போகும். குறுவை அறுவடைக் காலத்தில் கதிர் அடித்த கண்ணோடு வருபவர்களிடம் நாங்கள் பார்ப்பதும் அதே பூஞ்சைப் புண்தான். முதல் நாள் வெறும் உறுத்தல். நாலைந்து நாள் கழித்துக் கருவிழியில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. அதற்குள் மெடிக்கல் கடையில் "கண் சிவப்புக்கு ஒரு சொட்டு" என்று கேட்டு வாங்கி விட்டிருப்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு இரண்டு நாளில் வடியும், பூஞ்சைக்கோ உரம் போட்ட மாதிரி ஆகும். பிறகு மணிக்கொரு தரம் மருந்து, வாரக்கணக்கில். அதிலும் கேட்காவிட்டால் கருவிழி மாற்று. கடைக்காரரைக் கண் மருத்துவர் ஆக்காதீர்கள், அவரும் பாவம்.

தகர டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு விளக்குக் கூண்டு செய்வது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. இரும்பின் மேல் இரும்பு அடிக்கும்போது கடுகில் பாதி அளவுத் துணுக்கு பறக்கும். அது கண்ணுக்குள்ளே போனாலும் பல சமயம் வலிக்காது, பார்வையும் அன்றைக்குத் தெரியும். "சுருக்கென்றது, சரியாகிவிட்டது" என்று விட்டுவிட்டால் துரு மெல்ல விழித்திரையைக் கெடுக்கும். சுத்தியல் அடித்தபோது சுருக்கென்றிருந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, வந்து காட்டுங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் இந்த விஷயத்தை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். அந்தக் காந்தத்தில் இரும்புத் துணுக்கு நகரும்.

பாட்டிலில் நூலைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் குளிர்ந்த நீரில் முக்கி வெட்டுவதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுதான்: செய்யாதீர்கள். பழைய குறுந்தகடுகளைக் கத்தரியால் நறுக்கினால் சில்லு தெறிக்கும். செய்தே ஆக வேண்டுமென்றால் வெந்நீரில் போட்டு இளக்கிவிட்டு நறுக்குங்கள். பழைய மண்பானைக்கு வண்ணம் தீட்டுமுன் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவையும் பாக்கெட்டையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், அழுத்தினால் பீய்ச்சும். அமிலம் பட்ட இடத்தைச் சுட்டுவிட்டுப் பெரும்பாலும் நின்றுவிடும். சுண்ணாம்பு நிற்காது, உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால் சுண்ணாம்பு என்றால் அரை மணி நேரம் கழுவுங்கள், மேல் இமைக்கு அடியில் ஒட்டிய கட்டியை நனைத்த பஞ்சால் எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியிலும் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஆட்டோ நனையும். நனையட்டும்.

ஹார்டுவேர் கடையில் பக்கவாட்டிலும் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி கேளுங்கள். சப்பரத்துக்கு வாங்கும் ஜிகினா, பசை விலையோடு சேர்ந்துவிடும், பத்து வருடம் உழைக்கும். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: அதன் பக்கவாட்டு வழியாகத்தான் எல்லாம் நுழைகிறது. அடைத்த பசைக்குப்பியைத் தரையில் படுக்கவைத்து, மூக்கு உங்களைப் பார்க்காதபடி திருப்பிவைத்துக் குத்துங்கள். பல்லால் மூடி திறக்காதீர்கள். வில்லுக்கு அம்பு செய்கிற பிள்ளையை வையாதீர்கள். அம்பு நுனியில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு கைவேலை நான் சொல்லித் தருகிறேன். ஈர்க்கோ கண்ணாடிச் சில்லோ கண்ணில் குத்தி நின்றாலோ, கருவிழி கிழிந்து ஏதோ கசிகிறது என்று தோன்றினாலோ அங்கே தண்ணீரும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம், பஞ்சு வைத்து அழுத்தவும் வேண்டாம். டீ குடிக்கிற காகிதக் கோப்பை ஒன்றை எடுங்கள். அடியிலிருந்து இரண்டு விரல்கடை உயரம் விட்டு மேல் பாகத்தை நறுக்கி எறியுங்கள். கிண்ணம் போல இருக்கும் அந்த அடிப்பாகத்தைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து, விளிம்பு நெற்றி எலும்பிலும் கன்னத்து எலும்பிலும் உட்காரும்படி வைத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். கண்ணை எதுவும் தொடக்கூடாது. பிள்ளையை மல்லாந்து படுக்கவைத்துக் கூட்டிவாருங்கள்.

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பிள்ளை பசியோடு இருக்கிறதே என்று இட்லியும் காப்பியும் வாங்கித் தராதீர்கள். தையல் போட மயக்க மருந்து கொடுக்க வேண்டும். தின்றிருந்தால் ஆறு மணி நேரம் அந்தக் கிழிந்த கண்ணோடு அவனும் காத்திருக்க வேண்டும், நானும் காத்திருக்க வேண்டும். அந்தப் பசைக்குப்பியையோ சுண்ணாம்பு டப்பாவையோ மட்டும் மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.