மாதச் சம்பளம் இல்லாத கலைஞருக்கு எந்த மருத்துவக் காப்புறுதி?

அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. கம்பனியில் வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் நிறுவனமே ஏதாவது செய்து கொடுக்கும். மட்டக்களப்பில் கோயில் ஓவியம் தீட்டுகிறவருக்கும், மிருதங்கக் கலைஞருக்கும், அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வரைந்து கொடுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டும் இல்லை.

காப்புறுதி ஆலோசகராக நான் இதைப் பேசத் தொடங்கினால், "போதனா வைத்தியசாலை இருக்குத்தானே, காசா கேட்கப் போறாங்க?" என்பார்கள். உண்மைதான். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அதனால்தான், கையில் காசு குறைவாக இருந்தால் தனியார் வைத்தியசாலைச் செலவு முழுவதையும் ஏற்கும் பெரிய திட்டத்தை முதலில் எடுக்க வேண்டாம் என்கிறேன். கலைஞரைச் சாய்ப்பது படுக்கையில் கிடக்கும் நாட்களில் நின்றுபோகும் உழைப்பு. வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன், மருந்து, கூட நிற்பவரின் சாப்பாடு எல்லாம் அதோடு சேரும். வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தரும் நாளாந்தக் கொடுப்பனவுத் திட்டம் இதற்குப் பொருந்தும், கட்டணமும் குறைவு. அரச வைத்தியசாலையில் தங்கினாலும் கொடுப்பார்களா, எத்தனை நாள் தங்கினால் கணக்கு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். இதைப் பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியோடு சேர்த்தே விற்பார்கள். கட்டும் பணத்தில் மருத்துவத்துக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான் அதிகம் பார்ப்பது வேறொரு சிக்கல். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், நடுவில் கல்யாணங்கள் என்று அந்த மாதங்களில் கலைஞர் கையில் காசு புரளும். மாரி பிறந்தால் வேலை இல்லை. மாதாமாதம் கட்டும் பொலிசி கார்த்திகை, மார்கழியில்தான் நின்றுபோகிறது. டெங்கு கூடுவதும் அப்போதுதான். மறுபடி கட்டி உயிர்ப்பித்தாலும், பல பொலிசிகளில் காத்திருப்புக் காலம், அதாவது தொடக்கத்தில் நோய்க்குப் பணம் தராத காலம், புதிதாகத் தொடங்கிவிடும். ஆகவே உழைக்கும் பருவத்திலேயே வருடக் கட்டணத்தையோ அரையாண்டுக் கட்டணத்தையோ கட்டிவிடுங்கள்.

அப்புறம், விண்ணப்பப் படிவம். சீனி வருத்தம், பிரஷர், பழைய சத்திரசிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். "போடாமல் விடுங்கோ, பிரச்சினையில்லை" என்று ஒரு முகவர் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். நீங்கள் மறைத்தது உங்கள் கிளினிக் கொப்பியில் இருக்கும். காப்புறுதிப் பணம் கேட்டு நீங்கள் கோரிக்கை வைக்கும்போது கம்பனி அதைத்தான் கேட்கும். வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்டைத் தொலைக்காதீர்கள், அது இல்லாமல் கோரிக்கை நகராது.

பிரதேச செயலகத்தில் பதிவு செய்த கலைமன்றத்தில் இருப்பவர்கள் தனித்தனியாக அலைய வேண்டாம். மன்றத்தின் பெயரில் குழுக் காப்புறுதிக்கு இரண்டு மூன்று கம்பனிகளிடம் விலை கேளுங்கள், ஆளுக்குரிய கட்டணம் பெரும்பாலும் குறையும். சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டம் ஓய்வூதியத்துக்கானது. அதில் சேருங்கள், ஆனால் அதை மருத்துவக் காப்புறுதி என்று நினைத்துவிடாதீர்கள்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். தமிழிலேயே எழுதலாம்.