கேக்கெக்ஸியா: சீணமா, மெலிவா, உருக்கியா?

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் யாராவது இளைத்துப்போய் வந்தால், "என்ன மக்கா, இப்பிடி சீணிச்சுப் போன?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மலையாளத்து க்ஷீணம்தான் இங்கே சீணம். களைப்புக்கும் அதே சொல், மெலிவுக்கும் அதே சொல். அப்படியானால் புற்றுநோயாளியின் மருத்துவக் குறிப்பில் வரும் கேக்கெக்ஸியாவும் சீணம்தானா?

சொல் கிரேக்கம். 'காகோஸ்' என்றால் கெட்ட, 'ஹெக்ஸிஸ்' என்றால் நிலை. 'கெட்ட நிலை' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாது. 2011இல் மருத்துவ வல்லுநர்கள் கூடி ஒரு வரையறை வகுத்தார்கள்: ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைவது, அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோவுக்கு மேல். ஏற்கெனவே ஒல்லியானவர்களுக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே போதும். தசை கரைவதுதான் இதன் முக்கிய அடையாளம். சத்தான சாப்பாடு கொடுத்தாலும் முழுதாக மீளாது.

சாப்பிடாததால்தானே மெலிகிறார்கள் என்று நமக்குத் தோன்றும். ஆய்வகத்து எலிகள் இங்கேதான் உதவுகின்றன. சி26 என்ற பெருங்குடல் புற்றின் செல்களை எலிக்குச் செலுத்துவார்கள். சில வாரங்களில் கட்டி வளர்ந்து எலி மெலியும். அது தின்னும் தீனியை நிறுத்துப் பார்த்து, நோயில்லாத இன்னொரு எலிக்கும் அதே அளவுதான் வைப்பார்கள். பல சோதனைகளில் கட்டி உள்ள எலிதான் அதிகத் தசையை இழக்கிறது. மேக்16 என்ற இன்னொரு கட்டி வைத்த எலியோ தீனி குறையாமலே மெலிகிறது! பட்டினி மட்டுமே காரணமல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் எலியின் கட்டி பல சமயம் அதன் உடலளவுக்கு மிகப் பெரியது. கட்டியின் எடையைக் கழிக்காமல் தராசை நம்பினால் மெலிவே கண்ணுக்குப் படாமல் போகலாம். மனிதர்களுக்கு மாதக்கணக்கில் நடப்பது எலிக்குச் சில வாரங்களில் முடிந்துவிடுவதால், இரண்டையும் அப்படியே ஒன்றாகவும் எடுத்துக்கொள்ள முடியாது.

இப்படிச் சோதனைக்கு வைக்கும் எலிகளை ஆங்கிலத்தில் 'அனிமல் மாடல்' என்பார்கள், அதைத் தமிழில் 'விலங்கு மாதிரி' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது 'மிருகம் மாதிரி நடந்துகொண்டான்' என்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 'சோதனை விலங்கு' என்றே எழுதிவிடலாம்.

முயலுக்கும் இதில் பங்குண்டு. ஒட்டுண்ணி தொற்றி மெலிந்த முயல்களில் தொடங்கிய ஆராய்ச்சியில், மெலிவுக்குக் காரணம் என்று கருதிய ஒரு பொருள் பிடிபட்டது; அதற்கு கேக்கெக்டின் என்று பெயர் வைத்தார்கள். கட்டியைச் சிதைக்கும் பொருள் என்று வேறொரு பக்கம் ஆராயப்பட்ட டி.என்.எஃப். என்பதும் அதுவேதான் என்று 1985இல் தெரிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மெலிவு' போதாது, பட்டினிக்கும் அதுதானே. சீணத்துக்கு மூலமான க்ஷீணமும், காசநோயைக் குறிக்கும் க்ஷயமும் ஒரே வடமொழி வேரில் பிறந்தவை, அதனால் குழப்பம்தான் மிஞ்சும். காசநோய்க்கு நம்மிடம் 'எலும்புருக்கி' என்ற நல்ல சொல் இருக்கிறது. தானாகத் தேய்வதில்லை, உள்ளே ஏதோ உருக்குகிறது என்பது அதிலேயே தெரிகிறது. அந்த வழியில் 'உடலுருக்கி' என்பது என் தேர்வு. 'உடலுருக்கம்' வேண்டாம், அது கண்ணீர்க் கடிதம் போல ஒலிக்கிறது. வீட்டில் பேசும்போது பெயர்ச்சொல்லே தேவையில்லை. "புற்று தசையை உருக்குது" என்றால் களியக்காவிளையிலும் புரியும்.