வீட்டில் கதைக்கிற பிள்ளை வகுப்பில் ஏன் கதைப்பதில்லை?

“வீட்ட நல்லாக் கதைக்கான் மிஸ், பள்ளிக்கூடத்திலதான் ஒரு புள்ளையோடயும் சேர்றான் இல்ல.” மட்டக்களப்பில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராக வேலை செய்யும் எனக்கு இந்த வசனத்தைக் கேட்காத கிழமை இல்லை.

வாவிக்கு மேற்கேயுள்ள கிராமப் பகுதியான படுவான்கரையிலிருந்து நகரப் பாடசாலைக்கு மாறி வந்த ஒரு பையன், தரம் 2. அம்மா குவைத்தில் வீட்டு வேலை, வளர்ப்பது அம்மம்மா. “வட்டைக்குப் போவியா மனே?” என்று, வயலைப் பற்றித்தான் கேட்டேன், அவ்வளவுதான், வேளாண்மை வெட்டு, மாட்டுப்பட்டி, வாய்க்காலில் பிடித்த மீன் என்று அரை மணித்தியாலம் நிறுத்தவே இல்லை. பேச்சில் ஒரு குறையும் இல்லை. பாடசாலை மாறிய புதிதில் அவன் சொன்ன ஒரு ஊர்ச் சொல்லுக்கு வகுப்பே சிரித்திருக்கிறது, அன்றோடு வாயை மூடிக்கொண்டான்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்ததும் ‘வசதியில்லாத வீடு, அதுதான்’ என்று முடிவு கட்டுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. நகரத்திலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றும் வந்தாள்; தாய் தகப்பன் இருவரும் அரச உத்தியோகம், ஆங்கிலப் பாட்டெல்லாம் பாடம். ஆனால் பக்கத்தில் இன்னொரு பிள்ளையை இருத்தினால் விளையாட்டுச் சாமானைப் பறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறாள், ஏனென்றால் கேட்டு வாங்கும் தேவையே அவளுக்கு வந்ததில்லை, கேட்குமுன் பெரியவர்கள் கொடுத்துவிடுகிறார்கள், மிச்ச நேரத்துக்குப் போன்.

1995இல் அமெரிக்காவில் 42 குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு, வறிய வீட்டுப் பிள்ளைகள் குறைவான சொற்களையே கேட்கிறார்கள் என்றது. அதன்மேல் நிறைய விமர்சனம் வந்தது. எத்தனை சொல் காதில் விழுந்தது என்பதைவிட, பிள்ளை ஒன்று சொல்ல, பெரியவர் பதில் சொல்ல, திரும்பப் பிள்ளை சொல்ல, இந்த மாறிமாறிக் கதைப்பதுதான் முக்கியம் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அதற்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டும். நாள் முழுக்கக் கூலிக்குப் போகிற தாய்க்கு அந்த நேரம்தான் இல்லை, குடும்பப் பின்னணி பிள்ளையின் பேச்சைத் தொடுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

சரி, என்ன செய்யலாம்? அம்மம்மாவிடம் நான் சொன்னது, மீன் வெட்டும்போது அவனைப் பக்கத்தில் இருத்தி ஒன்றைக் கேளுங்கள், கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள், பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். குவைத்திலிருந்து அழைக்கும் அம்மா “சாப்பிட்டியா, படிச்சியா”வோடு நிறுத்தாமல் “இண்டைக்கு யாரோட விளையாடின?” என்றும் கேட்கட்டும். பின்னேரத்தில் கிளித்தட்டு விளையாட விடுங்கள். முறைக்குக் காத்திருப்பது, சண்டை பிடிப்பது, திரும்பச் சேர்வது எல்லாம் அங்கேதான் பழகும். டீச்சரிடம், அவனை வகுப்புக்கு முன்னால் எழுப்பிவிடாமல் ஒரேயொரு பிள்ளையோடு சேர்த்து இருத்தச் சொன்னேன்.

ஒன்று மட்டும் கவனம். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையை, ‘அம்மா பக்கத்தில் இல்லை, அதுதான்’ என்று விட்டுவிடாதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.