ஐம்பது கோடிப் பேரின் ஓட்டை வாங்கியவர் சும்மா கையெழுத்துப் போடுவாரா?

வழக்கறிஞர் என்பதால் சட்ட விழிப்புணர்வு வகுப்புகளுக்கு அடிக்கடி கூப்பிடுவார்கள். நுகர்வோர் உரிமை பற்றிப் பேசப் போனாலும் சரி, வாடகை ஒப்பந்தம் பற்றிப் பேசப் போனாலும் சரி, கடைசியில் ஒருவர் எழுந்து கேட்டுவிடுவார்: "வார்டு கவுன்சிலருக்கே நாங்க ஓட்டுப் போடுறோம். குடியரசுத் தலைவருக்கு மட்டும் ஏன் சார் எங்களை விடுறதில்லை?" உடனே கைதட்டல் விழும்.

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: அவருக்கு என்ன வேலை? பெரும்பாலும் அரங்கம் அமைதியாகிவிடும். அரசியலமைப்பின் 74ஆவது பிரிவுப்படி அவர் அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு முறை 'மறுபடி யோசித்துப் பாருங்கள்' என்று திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை திரும்பி வந்தால் ஏற்றே ஆக வேண்டும். இப்படிப்பட்ட நாற்காலியில் நாடு முழுக்கச் சுற்றி, வாக்குறுதி கொடுத்து, கோடிக்கணக்கான ஓட்டு வாங்கிய ஒருவரை உட்கார வைத்தால் என்ன ஆகும்? பிரதமர் ஒரு தொகுதியில் ஜெயித்தவர், நானோ தேசம் முழுக்க ஜெயித்தவன் என்று அவருக்குத் தோன்றாமல் இருக்குமா?

இந்தச் சண்டை அரசியல் நிர்ணய சபையிலேயே நடந்து முடிந்துவிட்டது. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று கே.டி.ஷா திருத்தம் கொண்டுவந்தார். நேரு அதற்கு முன்பே, 1947இல், எல்லோரும் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவருக்கு அதிகாரம் எதுவும் கொடுக்காமல் இருப்பது பொருந்தாது என்று சொல்லியிருந்தார். ஷாவின் திருத்தம் தோற்றது.

நேருவின் பயம் வெறும் கற்பனை இல்லை என்பதற்குத் துருக்கியைப் பார்க்கலாம். அங்கே நாடாளுமன்றம்தான் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. 2007இல் பொது வாக்கெடுப்பு நடத்தி நேரடித் தேர்தலுக்கு மாறினார்கள். 2014இல் எர்டோகன் அப்படி ஜெயித்த முதல் தலைவரானார். அப்போது காகிதத்தில் நாடாளுமன்ற ஆட்சிதான் இருந்தது, பிரதமரும் இருந்தார். ஆனால் நடைமுறையில் முடிவெடுத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 2017இல் இன்னொரு வாக்கெடுப்பு வந்தது, அடுத்த ஆண்டு பிரதமர் பதவியே போய்விட்டது. முதலில் ஓட்டு முறை மாறியது, அதிகாரம் பின்னாலேயே வந்தது.

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் தலைவரை நேரடியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்கும் பெரிய அதிகாரம் கிடையாது, ஆனாலும் நாடு நன்றாகத்தான் ஓடுகிறது. அரசு எப்படி நடக்க வேண்டும் என்று நம் அரசியலமைப்பு சொல்லும் வழிகாட்டு நெறிகளை அந்த நாட்டிலிருந்துதான் எடுத்தோம், நேரடித் தேர்தலை எடுக்கவில்லை. ஆக, நேரடித் தேர்தல் என்றாலே சர்வாதிகாரம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

நேரு பயந்ததற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. இலங்கையில் 1978 முதல் நிர்வாக அதிகாரம் ஜனாதிபதியிடம். அவரை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் 2022இல் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனதும், மீதிக் காலத்துக்கு நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டது. ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கிடைத்தது 134 உறுப்பினர்களின் ஓட்டு. சட்டப்படி அது முழுக்கச் சரி. ஆனால் மக்கள் கொடுக்காத ஓட்டை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய பதவியில் உட்கார்ந்திருந்தவரை, கடைசி வரை அந்தக் கேள்வி விடவில்லை. அங்கே அதிகாரம் இருந்தது, மக்கள் ஓட்டு இல்லை. நேரு பயந்தது, மக்கள் ஓட்டு இருந்து அதிகாரம் இல்லாத நிலையைப் பற்றி.

அப்படியானால் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடும் நம்முடைய மறைமுகத் தேர்தலில் குறையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கட்சிகள் ஆளை முடிவு செய்த அன்றே பெரும்பாலும் முடிவும் தெரிந்துவிடுகிறது. ரகசிய வாக்கு, கொறடா உத்தரவு கிடையாது என்றெல்லாம் சட்டம் சுதந்திரம் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சுதந்திரம் முடிவையே புரட்டிப் போட்டது 1969இல்தான். மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார் இந்திரா காந்தி. சொந்தக் கட்சியின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்றார், வி.வி.கிரி இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு ஜெயித்தார் (இந்தத் தேர்தலில் வேட்பாளர்களை 1, 2 என்று வரிசைப்படுத்தித்தான் ஓட்டுப் போடுவார்கள்).

அப்புறம் அந்த ஓட்டு மதிப்பு, அதாவது மாநில மக்கள்தொகையைப் பொறுத்து ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டை எத்தனை ஓட்டாக எண்ணுவது என்ற கணக்கு. போன மாதம் ஒரு வகுப்பில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சூத்திரத்தைச் சொன்னதும் அவரே எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு 176 ஓட்டுக்குச் சமம். உத்தரப் பிரதேசத்தில் 403 பேர், ஆளுக்கு 208. எம்.பி.க்களுக்கும் இப்படி ஒரு மதிப்பு உண்டு. 2022 தேர்தலில் அது ஆளுக்கு 700.

"நாலு கோடியா? தப்பா இருக்கே சார், நாம ஏழு கோடிக்கு மேல ஆச்சே" என்றார் ஆசிரியர். தப்பில்லை, அது 1971ஆம் ஆண்டுக் கணக்கு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்காகவே செல்வாக்கை இழக்கக் கூடாது என்று அந்த எண்ணை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரை அதுதான் கணக்கு.

நேரடித் தேர்தல் கேட்பவர்கள் யோசிக்காத இடம் இதுதான். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் இந்த ஏற்பாடு அன்றே போய்விடும். 2022இல் எல்லா எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு மதிப்பையும் கூட்டினால், அதில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஏழரை. 2011 மக்கள்தொகையில் நம் பங்கு ஆறுகூட இல்லை. தலைக்கு ஒரு ஓட்டுதான் நியாயம் என்பவர் அதைத் தாராளமாகச் சொல்லலாம், அதுவும் ஒரு நியாயம்தான். அதற்கு நாம் கொடுக்கும் விலை இவ்வளவு என்று தெரிந்து சொல்லட்டும்.

ஆசிரியர் விடவில்லை. 2011 எண்களைக் கேட்டு வாங்கி, பழைய கணக்குக்குப் பக்கத்திலேயே புதிதாக வகுத்தார். தமிழ்நாடு 308, உத்தரப் பிரதேசம் 496 என்று வந்தது. முதல் வரிசையில் வித்தியாசம் 32, இரண்டாவதில் 188. இரண்டையும் வட்டமிட்டுவிட்டு, சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.